வலை வடிவமைப்பும் ஊடாடும் அனிமேஷனும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய வலைப்பக்கங்களைப் பார்த்துத் திருத்திக்கொடுத்து வருகிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வாக்கியங்களிலேயே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பகுதி புதிதாக வருகிறவர்களுக்கு உரியது. பக்கம் கட்டத் தெரிந்தவர்கள் ஃபிளாஷ் பற்றிய கேள்வியிலிருந்து படிக்கலாம்.

வலை வடிவமைப்பு என்பது படம் வரைகிற வேலையா, நிரல் எழுதுகிற வேலையா?

ஒரு பக்கத்தைத் திறப்பவர் எதையோ தேடிக்கொண்டு வருகிறார். அவருடைய கண் முதலில் எங்கே விழ வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும், எதை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது வடிவமைப்பு. அந்த முடிவை உலாவிக்குப் புரியும்படி எழுதுவது நிரல். பெரிய நிறுவனங்களில் இவற்றை வெவ்வேறு ஆட்கள் செய்வார்கள். படிக்கிற காலத்தில் இரண்டையும் நீங்களே செய்யுங்கள். நிரல் எழுதிப் பழகிய வடிவமைப்பாளர் நடக்காத ஒன்றை வரைந்து வைப்பதில்லை. வடிவமைப்புப் பழகிய நிரலாளர் “இயங்குகிறது, போதும்” என்று விட்டுவிடுவதில்லை.

எனக்கு ஓவியம் சுத்தமாக வராது. இந்தத் துறை ஒத்துவருமா?

ஒத்துவரும். இங்கே கையைவிடக் கண்ணுக்குத்தான் பயிற்சி வேண்டும். இதைச் செய்து பாருங்கள்: படமே இல்லாத ஒரு பக்கம், ஒரே எழுத்துரு, இரண்டே எழுத்து அளவு, கறுப்போடு இன்னொரு நிறம். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தலைப்பு, உட்தலைப்பு, பத்தி, குறிப்பு நான்கும் பார்த்தவுடன் பிரிந்து தெரியும்படி செய்யுங்கள். வேறு வழியில்லாமல் இடைவெளியைக் கவனிக்கத் தொடங்குவீர்கள். வடிவமைப்பில் பாதி வேலை இடைவெளிதான்.

நிறத்தில் ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலை அணுகல்தன்மைக்கான வழிகாட்டு நெறிகளின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து என்ற மாணவர்களின் விருப்ப அமைப்பு இதில் தவறாமல் தோற்கும். உலாவியின் ஆய்வுக் கருவியிலேயே (டெவலப்பர் டூல்ஸ்) இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

எதை முதலில் படிப்பது? எச்.டி.எம்.எல். ஒரு நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள், உண்மையா?

எச்.டி.எம்.எல். என்பது பக்கத்தின் எந்தப் பகுதி என்ன என்று குறிச்சொற்களால் உலாவிக்குச் சொல்லும் மொழி. அந்தக் குறிச்சொற்களின் பெயர்கள் ஒரு நாளில் முடிந்துவிடும். எது தலைப்பு, எது பட்டியல், எது பட்டன், எது இணைப்பு என்று உள்ளடக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. எல்லாவற்றையும் தனக்கென்று பொருள் ஏதும் இல்லாத ‘டிவ்’ பெட்டிக்குள் போட்டு, அதில் ஒன்றைப் பட்டன் போல நிறம் பூசி வைத்திருக்கும் பக்கங்களை வாரந்தோறும் பார்க்கிறேன். சுட்டியால் அழுத்தினால் அது வேலை செய்யும். விசைப்பலகையால் அதை அடைய முடியாது. பார்வையற்றவரின் திரை வாசிப்பானுக்கு அது பட்டன் என்றே தெரியாது.

எனவே முதல் இரண்டு வாரம் எச்.டி.எம்.எல். மட்டும் எழுதுங்கள். ஒப்பனை ஏதும் இல்லாத அந்தப் பக்கத்தைப் படித்தாலே பொருள் விளங்க வேண்டும். பிறகு தோற்றத்தை எழுதும் சி.எஸ்.எஸ்., அதன்பின் பக்கத்தைச் செயல்பட வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட். இந்த வரிசை ஏன் என்பதற்கு நல்ல சான்று, 2003-இல் டேவ் ஷே தொடங்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்ற தளம். எச்.டி.எம்.எல். கோப்பு ஒன்றுதான், அதில் யாரும் கைவைக்கக் கூடாது. சி.எஸ்.எஸ். கோப்பை மட்டும் மாற்றிப் பலரும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போன்ற தோற்றங்களை உருவாக்கிக் காட்டினார்கள். அடித்தளம் சரியாக இருந்தால் மேலே எதையும் கட்டலாம்.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒன்றா? எனக்கு ஜாவா பாடம் இருக்கிறது.

இல்லை. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அப்போது ஜாவாவுக்கு இருந்த புகழை ஒட்டிப் பெயர் வைத்தார்கள், அவ்வளவே. ஆனாலும் மாறி, சுழல், செயற்கூறு ஆகியவற்றை ஜாவாவில் புரிந்துகொண்டவருக்கு இங்கே பாதித் தொலைவு குறைந்திருக்கும்.

என் மடிக்கணினி மிகப் பழையது. புதிது வாங்கும்வரை காத்திருக்கட்டுமா?

வேண்டாம். ஓர் உரைத்தொகுப்பானும் ஓர் உலாவியும் இயங்கினால் போதும், இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. தோற்றத்தை முதலில் காகிதத்தில் பென்சிலால் போடுங்கள். அனிமேஷன் பழகும்போது மெதுவான கணினி உங்களுக்கு ஆசிரியராகவே இருக்கும். ஏன் என்பது, திக்கித் திக்கி ஓடுவது பற்றிய கேள்வியில் வரும்.

சி.எஸ்.எஸ்.ஸில் பெட்டிகள் நான் சொன்ன இடத்தில் நிற்பதே இல்லை. தோராயமாக எண்களை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

எண்களை மாற்றுவதை நிறுத்திவிட்டு, உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறந்து அந்தப் பெட்டியைச் சொடுக்குங்கள். உள்ளடக்கம், அதைச் சுற்றி உள் இடைவெளி, அதற்கு வெளியே எல்லைக்கோடு, அதற்கும் வெளியே புற இடைவெளி என்று நான்கு அடுக்குகளையும் எண்களோடு காட்டும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான். அகலம் 200 பிக்சல் என்று எழுதுகிறீர்கள். உள் இடைவெளி பக்கத்துக்கு 20, எல்லைக்கோடு பக்கத்துக்கு 5. திரையில் அந்தப் பெட்டி 250 பிக்சல் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் நீங்கள் சொன்ன 200 உள்ளடக்கத்துக்கு மட்டும் உரியது. ‘பாக்ஸ்-சைஸிங்’ பண்பை ‘பார்டர்-பாக்ஸ்’ என்று மாற்றினால் எல்லாம் சேர்த்து 200-க்குள் அடங்கும். நான் இதைக் கோப்பின் முதல் வரியிலேயே எல்லாப் பெட்டிகளுக்கும் வைத்துவிடுகிறேன்.

அடுத்த பொறி, ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் புற இடைவெளிகள். மேல் பத்திக்குக் கீழே 30, கீழ்ப் பத்திக்கு மேலே 20 என்றால் நடுவில் 50 வராது. 30 தான் வரும், பெரியது சிறியதை விழுங்கிவிடும். இது பிழையன்று, விதி.

இடம் ஒதுக்குவதற்கு ஒரே வரிசை என்றால் ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிடைவரிசையும் நெடுவரிசையும் சேர்ந்த கட்டம் என்றால் கிரிட். 2017-இல் முக்கிய உலாவிகள் கிரிட்டை ஏற்றுக்கொண்டன. அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்களில் ‘ஃப்ளோட்’ வைத்துப் பக்கத்தையே கட்டும் முறையைப் பார்ப்பீர்கள். அதைக் கற்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

கணினியில் நன்றாக இருக்கிறது, கைபேசியில் எல்லாம் எறும்பு அளவில் தெரிகிறது.

பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே அமைக்கச் சொல்லும் ‘வியூபோர்ட்’ மெட்டா குறிச்சொல்லை விட்டுவிட்டீர்கள். அது இல்லாவிட்டால் கைபேசி உலாவி, இது ஏதோ 980 பிக்சல் அகலமுள்ள கணினிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு முழுவதையும் சுருக்கிக் காட்டும். அந்த ஒரு வரியைச் சேருங்கள். பிறகு ஈத்தன் மார்கோட் 2010-இல் பெயரிட்டு விளக்கிய தகவமைப்பு வடிவமைப்பைப் படியுங்கள்: நெகிழும் கட்டம், நெகிழும் படங்கள், திரை அகலத்தைக் கேட்டு மாறும் விதிகள். என் அறிவுரை, சிறிய திரைக்கே முதலில் எழுதுங்கள். குறுகிய இடத்தில் எது முக்கியம் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும், அந்த முடிவு பெரிய திரைக்கும் பயன்படும்.

காணொளிப் பாடம் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. எனக்கு மூளை போதாதா?

மூளை போதும். பார்ப்பதும் செய்வதும் வேறுவேறு திறன்கள். நீச்சலைக் கரையிலிருந்து பார்த்தவர் நீந்தக் கற்றதாகாது.

நான் சொல்லும் முறை இது. பத்து நிமிடம் பாருங்கள், மூடுங்கள். பார்த்ததைப் பார்க்காமல் எழுதுங்கள். சிக்கும் இடத்தில் மட்டும் மீண்டும் திறந்து பாருங்கள். முடிந்ததும் ஒன்றை மாற்றுங்கள்: அவர் இடமிருந்து வலமாக நகர்த்தினால் நீங்கள் மேலிருந்து கீழாக நகர்த்துங்கள், அவர் ஒரு பெட்டி வைத்தால் நீங்கள் ஐந்து வையுங்கள். மாற்றும்போது எது உடைகிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியாத பகுதி இருக்கிறது. அந்தச் சோர்வான அரை மணி நேரத்தைத் தாண்டுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். நல்ல மாணவர்கள் பலர் அந்த இடத்தில்தான் கைவிட்டிருக்கிறார்கள்.

எங்கள் பாடத்திட்டத்தில் இன்னும் ஃபிளாஷ் இருக்கிறது. படிப்பது வீண்தானா?

வலையில் அனிமேஷன் செய்யப் பயன்பட்ட அந்தக் கருவி போய்விட்டது. 1996-இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்ற பெயரில் வந்து, மேக்ரோமீடியா வாங்கியபின் ஃபிளாஷ் ஆகி, 2005-இல் அடோபியின் கைக்குப் போனது. ஐபோன் உலாவி அதை ஒருபோதும் ஏற்கவில்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் தன்னுள் எதையும் ஓடவிடவில்லை. பழைய ஃபிளாஷ் படைப்புகளைப் பார்க்க, ஃபிளாஷ் பிளேயரைப் போலவே நடந்துகொள்ளும் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் உதவுகிறது.

ஆனால் அந்தப் பாடத்தில் வருகிற காலக்கோடு, அசைவின் முக்கிய நிலையைக் குறிக்கும் கீஃபிரேம், இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே கணினியே இடைநிலைகளை நிரப்புவது ஆகிய மூன்றும் அப்படியே சி.எஸ்.எஸ்.ஸில் இருக்கின்றன. தேர்வுக்குப் படிக்கும்போது ஒவ்வொரு பயிற்சியையும் சி.எஸ்.எஸ்.ஸிலும் ஒருமுறை செய்யுங்கள். ஒரே உழைப்பில் இரண்டும் வரும்.

அனிமேஷனை எங்கிருந்து தொடங்குவது? எல்லோரும் ஏதாவது ஒரு நூலகத்தின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயரைச் சொல்கிறார்கள்.

ஒரு பட்டனிலிருந்து தொடங்குங்கள். சுட்டி மேலே வந்தால் நிறம் மாற வேண்டும், அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும், விட்டால் எழ வேண்டும். இதற்கு, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மெல்ல மாற்றும் சி.எஸ்.எஸ். ‘டிரான்சிஷன்’ ஒரு வரி போதும். அதில் மூன்று நாள் செலவிடுங்கள். காலத்தை 50 மில்லி விநாடி, 200, 800 என்று மாற்றி ஒவ்வொன்றும் விரலுக்கு எப்படித் தோன்றுகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு கீஃபிரேம்கள். அதன்பின் ஜாவாஸ்கிரிப்ட்டால் நேரத்தையும் வரிசையையும் கட்டுப்படுத்துவது. பல அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க வேண்டிய நிலை வரும்போது ஜி.எஸ்.ஏ.பி. போன்ற நூலகம் கைகொடுக்கும். தேவையை உணர்ந்தபின் எடுக்கும் நூலகம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

தொடக்கத்திலேயே ஒரு கேள்வியையும் பழக்கிக்கொள்ளுங்கள்: இந்த அசைவு பார்ப்பவருக்கு என்ன சொல்கிறது? “இந்தப் பட்டியல் அந்தப் பட்டனிலிருந்து வந்தது”, “நீங்கள் அழுத்தியது பதிவாகிவிட்டது”, “நீக்கியது இங்கே போனது” என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால் வையுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

என் அசைவு எந்திரம் நகர்வது போல் இருக்கிறது. மற்றவர்களுடையது மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது?

உங்களுடையது ஒரே வேகத்தில் நகர்கிறது. உலகில் எதுவும் அப்படி நகர்வதில்லை. மேலிருந்து பந்தை விட்டால் சம இடைவேளைகளில் அது கடக்கும் தொலைவு 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வளரும் என்று கலிலியோ கண்டார். ஒரு காகிதத்தில் மேலிருந்து கீழாக ஒரு கட்டம், மூன்று கட்டம், ஐந்து கட்டம், ஏழு கட்டம் என்று தள்ளித் தள்ளிப் பந்தை வரையுங்கள். வரைந்ததைப் பார்த்தாலே விழுகிற உணர்வு வரும். அந்த இடைவெளிகளைத்தான் சி.எஸ்.எஸ்.ஸில் வேக வளைவு என்று எழுதுகிறோம். டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் தொகுத்து வெளியிட்ட பன்னிரண்டு அனிமேஷன் கொள்கைகளில் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்பதும் ஒன்று. மீதிப் பதினொன்றையும் தேடிப் படியுங்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஒரு சாதாரணப் பட்டனுக்கும் பொருந்தும்.

திரைக்குள் நுழையும் பொருளுக்கு ‘ஈஸ்-அவுட்’, அதாவது வேகமாக வந்து மெல்ல நிற்பது. வெளியேறும் பொருளுக்கு ‘ஈஸ்-இன்’. திரைக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கு ‘ஈஸ்-இன்-அவுட்’. கால அளவில், சிறு மாற்றங்களுக்கு 150 முதல் 250 மில்லி விநாடி, பெரிய பலகைகளுக்கு 300 முதல் 500 வரை என் கைக்கு ஒத்துவந்த அளவுகள். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-இலேயே எழுதிய எல்லையும் நினைவில் இருக்கட்டும்: பதில் 0.1 விநாடிக்குள் வந்தால் உடனே நடந்ததாக மனம் ஏற்கும், ஒரு விநாடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் அறும். அழுத்திய அந்தக் கணத்திலேயே ஏதாவது ஒன்று அசைந்தாக வேண்டும், முழு அசைவும் முடிய நேரம் எடுத்தாலும் சரி.

மறைத்து வைத்த பத்தி மெதுவாகத் திறக்க வேண்டும். டிரான்சிஷன் எழுதியும் சட்டென்று குதித்து வருகிறது, ஏன்?

உயரத்தைப் பூஜ்யத்திலிருந்து ‘ஆட்டோ’வுக்கு மாற்றியிருப்பீர்கள். உலாவி இடைநிலைகளை நிரப்ப இரண்டு முனையிலும் எண் வேண்டும், ‘ஆட்டோ’ எண் அன்று. எல்லா இன்றைய உலாவிகளிலும் நடக்கும் வழி: வெளிப்பெட்டியை கிரிட் ஆக்கி, அதன் வரிசை உயரத்தை 0 பங்கிலிருந்து 1 பங்குக்கு மாற்றுங்கள், உள்பெட்டியில் மிஞ்சுவதை மறைக்கும்படி ‘ஓவர்ஃப்ளோ’வை அமையுங்கள். ‘டிஸ்பிளே நன்’ வைத்து மறைத்தாலும் இதே குதிப்பு நேரும், காரணமும் ஏறக்குறைய இதுவே.

கணினியில் வழுக்கிக்கொண்டு போகிறது. நண்பனின் கைபேசியில் திக்கித் திக்கி ஓடுகிறது. என்ன செய்வது?

பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அப்படியானால் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒருமுறை திரையில் வரும் படத்துக்கு, 16.7 மில்லி விநாடிதான் கிடைக்கும். 120 முறை புதுப்பிக்கும் திரையில் 8.3 மட்டுமே. அதற்குள் உலாவி மூன்று வேலைகளை முடிக்க வேண்டும்: எந்தப் பெட்டி எங்கே என்று அளப்பது, வண்ணம் தீட்டுவது, தீட்டிய அடுக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது. அகலம், உயரம், இடது (‘லெஃப்ட்’), மேல் (‘டாப்’) ஆகிய பண்புகளை அசைத்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் மூன்றும் நடக்கும். ‘டிரான்ஸ்ஃபார்ம்’ (நகர்த்தல், சுழற்றல், அளவு மாற்றல்), ‘ஒபாசிட்டி’ (மங்குதல், தெளிதல்) இரண்டை மட்டும் அசைத்தால் பெரும்பாலும் கடைசி வேலை மட்டும் நடக்கும், அதை வரைகலைச் செயலி பார்த்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட அன்று பல மாணவர்களின் பக்கங்கள் பாதி குணமாகிவிடுகின்றன.

படங்களையும் பாருங்கள். 4000-க்கு 3000 பிக்சல் உள்ள புகைப்படம் கோப்பாக இரண்டு மெகாபைட்டே இருக்கலாம். விரித்து நினைவகத்தில் வைக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறக்குறைய 48 மெகாபைட் ஆகும். காட்டப்போகும் அளவுக்குச் சுருக்கி வையுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் அசைப்பவர்கள் நேரங்காட்டியை விட்டுவிட்டு, ஒவ்வொரு சட்டகத்துக்கும் முன் நிரலை ஓட்டும் ‘ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்’ பயன்படுத்த வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. சட்டகத்துக்கு 5 பிக்சல் என்று நகர்த்தினால் 120 முறை புதுப்பிக்கும் திரையில் உங்கள் பந்து இரட்டை வேகத்தில் ஓடும். முந்தைய சட்டகத்திலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்று கணக்கிட்டு, விநாடிக்கு இத்தனை பிக்சல் என்று நகர்த்துங்கள். புதிய கணினி மட்டும் வைத்திருப்பவர்கள் ஆய்வுக் கருவியில் செயலியின் வேகத்தைக் குறைத்துச் சோதிக்கலாம். பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு அந்தச் சோதனை தானாகவே நடந்துவிடுகிறது. முன்னால் ஆசிரியர் என்றது இதனால்தான்.

தலைப்பில் எழுத்து ஒவ்வொன்றாக வரும்படி செய்தேன். ஆங்கிலத்தில் சரியாக வருகிறது, தமிழில் புள்ளியும் கொம்பும் தனியே பறக்கின்றன.

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் கேட்பவர் தமிழில் பக்கம் செய்கிறார். காரணம் யூனிகோடு தமிழைச் சேமிக்கும் விதம். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் நீளம் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் நிரல் இந்த ஐந்தையும் ஐந்து துண்டுகளாக்கும். குறி தன் மெய்யை இழந்து ஒரு புள்ளிவட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். ‘கொ’ இன்னும் பரிதாபம். கண்ணுக்குக் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் தெரிந்தாலும், சேமிப்பில் ‘க’ முதலில், குறி முழுவதும் அடுத்து.

தீர்வு, ‘இன்டல் செக்மென்டர்’ என்ற உள்ளமைந்த கருவி. எழுத்துக்கொத்தாகப் பிரிக்கச் சொன்னால் த, மி, ழ் என்று சரியாகத் தரும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் மட்டும் அது இரண்டிரண்டாக உடைக்கும், அவற்றைக் கையால் சேர்த்துவிடுங்கள். அப்படிப் பிரித்த தலைப்பைத் திரை வாசிப்பான் துண்டு துண்டாகப் படிக்கக்கூடும். துண்டுகளை அதனிடமிருந்து மறைத்து, முழுச் சொற்றொடரை அதற்குத் தனியே கொடுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், தமிழ்த் தலைப்பைச் சொல் சொல்லாகவோ வரி வரியாகவோ வெளிப்படுத்துங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சொல் முழுதாக எழுந்து வரும்போது ஒரு கம்பீரம் இருக்கிறது. வரி உயரம் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். நான் 1.7 வைக்கிறேன், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரக் காலும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்தைத் தவிருங்கள். எழுத்துருவில் சாய்ந்த வடிவம் இல்லாதபோது உலாவி நேர் எழுத்தையே வலிந்து சாய்க்கும், பார்க்க நன்றாக இருக்காது. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல்.லிலேயே அறிவித்துவிடுங்கள்.

பக்கத்தில் படம் வரைய கான்வாஸ், எஸ்.வி.ஜி., வெப்ஜி.எல். என்று மூன்று வழி சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது?

எஸ்.வி.ஜி.யில் நீங்கள் வரைந்த வட்டம் வட்டமாகவே நினைவில் இருக்கும். அதைத் தனியே அழுத்தலாம், நிறம் மாற்றலாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. சின்னங்கள், வரைபடங்கள், பத்துப் பதினைந்து உறுப்புகள் உள்ள ஊடாடும் படங்கள் இதற்கு உரியவை. உருவங்கள் ஆயிரக்கணக்கில் போனால் மூச்சு வாங்கும். கான்வாஸ் ஒரு கரும்பலகை: வரைந்தவுடன் மறந்துவிடும், அடுத்த சட்டகத்துக்கு அழித்து மறுபடி நீங்களே வரைய வேண்டும். துகள்கள், மழை, விளையாட்டு ஆகியவற்றுக்கு அது நல்லது. அதற்குள் எழுதிய சொற்கள் வெறும் பிக்சல்கள் என்பதால் திரை வாசிப்பானுக்கு எட்டாது. வெப்ஜி.எல். வரைகலைச் செயலியோடு நேரே பேசுவது, முப்பரிமாணத்துக்கு உரியது. அதை வெறுங்கையால் எழுதுவது கடினம், பலரும் திரீ.ஜே.எஸ். என்ற நூலகத்தின் வழியாகவே போகிறார்கள்.

மாணவருக்குக் கான்வாஸ் பழக மிக இனிய வாசல் பி5.ஜே.எஸ். என்ற நூலகம். தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் செயற்கூறு ஒன்று, ஒவ்வொரு சட்டகத்திலும் ஓடும் செயற்கூறு ஒன்று, இந்த இரண்டோடு முதல் மணி நேரத்திலேயே ஏதாவது அசையத் தொடங்கிவிடும்.

கணிதம் எவ்வளவு வேண்டும்? எனக்கு முக்கோணவியல் என்றால் பயம்.

கொஞ்சம்தான், ஆனால் அது நன்றாகத் தெரிய வேண்டும். சைன், கோசைன், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான கோணம், அ-விலிருந்து ஆ-வுக்குப் போகும் வழியில் இத்தனை பங்கு தொலைவு எங்கே வருகிறது என்ற கணக்கு. இந்த நான்கும் நெடுந்தொலைவு கொண்டுபோகும். சைனில் நேரத்தைப் போட்டால் படகு அலையில் ஆடுவது போல ஒரு பொருள் ஆடும். கோணத்தைக் கண்டுபிடித்தால் சுட்டி போகும் திசையெல்லாம் திரும்பிப் பார்க்கும் இரண்டு கண்கள் செய்யலாம். பாடப்புத்தகத்தில் பயமுறுத்திய சூத்திரம் உங்களைத் திரும்பிப் பார்க்கும்போது பயம் போய்விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

என் பக்கத்தைப் பார்த்த உறவினர் தலை சுற்றுகிறது என்றார். வயதானதால் அப்படியா?

இல்லை, உட்காதில் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு எந்த வயதிலும் நேரும். பெரிய பரப்பு நகர்வது, உருட்டும்போது பின்னணி வேறு வேகத்தில் போவது, பெரிதாகிப் பாய்ந்து வருவது ஆகியவை உண்மையிலேயே குமட்டலைக் கொண்டுவரும். கணினியிலும் கைபேசியிலும் ‘அசைவைக் குறை’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கியவரா என்று சி.எஸ்.எஸ்.ஸில் ஒரே நிபந்தனையில் கேட்டுவிடலாம். ஆம் என்றால் நகர்வை எடுத்துவிட்டு மெல்ல மங்கித் தெளிவதை மட்டும் வையுங்கள்.

இரண்டாம் கேள்வியில் சொன்ன அதே வழிகாட்டு நெறிகளில் இன்னும் இரண்டு விதிகள் உண்டு. தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும். எதுவும் ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. இது வலிப்பு நோயாளிகளின் பாதுகாப்புக்காக. இவற்றை மதிப்பெண்ணுக்காகச் செய்யாதீர்கள். உங்கள் பக்கத்தைத் திறந்த ஒரு மனிதர் நலமாக மூட வேண்டும்.

பிடித்த தளத்தைப் பார்த்து அப்படியே செய்தால் தவறா?

பயிற்சிக்குச் செய்வது மிக நல்லது. அவர்கள் நிரலைத் திறக்காமல், கண்ணால் பார்த்தே ஒரு பகுதியை மீட்டுருவாக்குங்கள், பிறகு திறந்து ஒப்பிடுங்கள். அதை உங்கள் படைப்பு என்று வெளியிடுவது தவறு. படம், எழுத்துரு, ஒலி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமம் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் முழுப் பக்கமும் தந்துவிடுகிறது. நான் எதற்குப் படிக்க வேண்டும்?

அது தந்த பக்கத்தை மேலே உள்ள கேள்விகளால் சோதியுங்கள். பட்டன் உண்மையில் பட்டனா? அசைவது எந்தப் பண்பு? அசைவைக் குறைக்கச் சொன்னவருக்கு என்ன நடக்கிறது? தமிழ்த் தலைப்பு உடைகிறதா? இவற்றைக் கேட்கத் தெரிந்தவருக்கு அது நல்ல உதவியாளர். கேட்கத் தெரியாதவர், வந்ததை வாங்கிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? முதல் ஆறு மாதம் நீங்கள் எழுதியதை விளக்கச் சொல்லவும் பிழையைச் சுட்டச் சொல்லவும் மட்டும் பயன்படுத்துங்கள். எழுதுகிற கை உங்களுடையதாக இருக்கட்டும்.

வேலைக்குக் காட்ட எத்தனை படைப்புகள் வேண்டும்?

மூன்று போதும், மூன்றும் முடிந்தவையாக இருந்தால். ஒவ்வொன்றோடும் யாருக்காகச் செய்தீர்கள், எது தோற்றது, எதை ஏன் மாற்றினீர்கள் என்று பத்து வரி எழுதுங்கள். பார்ப்பவர்கள் அந்தப் பத்து வரியைத்தான் தேடுகிறார்கள். தொகுப்புப் பக்கம் திறக்கும்முன் ஐந்து விநாடி முகப்பு அனிமேஷன் வேண்டாம். பார்ப்பவருக்கு அன்று இன்னும் நாற்பது பேருடையதைப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

மெனு பாதி திறந்திருக்கும்போதே மறுபடி அழுத்தினால் அசைவு குதிக்கிறது. இதை எப்படித் தவிர்ப்பது?

இந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் ஊடாட்டத்தின் மையத்தைத் தொட்டுவிட்டீர்கள். திரைப்படத்தில் பார்ப்பவர் குறுக்கிடுவதில்லை, இங்கே எந்தக் கணத்திலும் குறுக்கிடுவார். கீஃபிரேம் அனிமேஷன் தனக்கு எழுதிய தொடக்கத்திலிருந்தே தொடங்கும். அதனால் பாதியில் மாற்றினால் குதிக்கும். டிரான்சிஷன் அப்போது இருக்கும் நிலையிலிருந்து புறப்படும், வந்த வழியே திரும்பினால் காலத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும். எனவே திறப்பது, மூடுவது போன்ற இருநிலை அசைவுகளுக்கு டிரான்சிஷனே ஏற்றது. பல படிகள் கொண்ட அசைவு என்றால், ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து அனிமேஷனைக் கட்டுப்படுத்த உலாவியிலேயே உள்ள வெப் அனிமேஷன்ஸ் ஏ.பி.ஐ.யில் எழுதுங்கள், ஓடிக்கொண்டிருப்பதை நின்ற இடத்திலிருந்தே பின்னோக்கி ஓட்டலாம்.

இதிலும் ஒரு குறை மிஞ்சும். டிரான்சிஷன் இடத்தை நினைவில் வைக்கிறது, வேகத்தை வைப்பதில்லை. விரலால் இழுத்து வீசும் அட்டை போன்றவற்றில் அந்த வேறுபாடு கைக்கே தெரியும். அங்கே சுருள்வில் கணக்கு வேண்டும்: இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்த அளவுக்கு ஓர் இழுவிசை, வேகத்துக்கு ஏற்ப ஒரு தடை, ஒவ்வொரு சட்டகத்திலும் இரண்டையும் கூட்டி வேகத்தை மாற்றுவது. பத்துப் பன்னிரண்டு வரி நிரல்தான், சட்டக நேரத்தைப் பற்றி முன்பு சொன்னதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் மெனு பட்டனை ஒரு விநாடிக்குள் ஐந்தாறு முறை அழுத்துங்கள், பாதி திறந்திருக்கும்போது கைபேசியைக் குறுக்காகத் திருப்புங்கள், விசைப்பலகையால் மூடிப் பாருங்கள். மூன்றிலும் குதிக்காமல், எங்கும் சிக்காமல் நின்றால் அதை வெளியிடலாம்.